டெம்ப்ஸ்டர் சாலையில் பழைய கேம்பர் வேன்: வழியில் நின்றவர்கள்

கனடாவின் வடக்கே, டாசன் சிட்டிக்குப் பக்கத்தில் தொடங்கி இனுவிக் வரை போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் மலையையும் கரடியையும் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அங்கே பார்த்த மனிதர்கள். அந்தச் சாலையில் ஒரு வண்டி ஓரமாக நின்றுவிட்டால், அடுத்து வருகிற வண்டி அப்படியே தாண்டிப் போகாது. கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். படம் எடுக்க நின்றிருந்தாலும் கேட்பார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

எங்களுடையது 1980களின் கடைசியில் வந்த வேன். கூரையைத் தூக்கினால் மேலே இருவர் படுக்கலாம். கீழே கேஸ் அடுப்பும் ஒரு சின்னத் தொட்டியும் உண்டு. மேடு வந்தால் மூச்சு வாங்கும். சாலையோ 736 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்கச் சரளை. அடியில் இருப்பது எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம். அது உருகினால் சாலை அமிழ்ந்துவிடும் என்று, ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனாகச் சரளையைக் கொட்டி அதன்மேல்தான் ஓட்ட விட்டிருக்கிறார்கள். அதனால் பல இடங்களில் இரண்டு பக்கமும் சரிவு. ஒதுங்கி நிற்கவே இடம் பார்க்க வேண்டும். அந்தக் கல் உடைந்தால் விளிம்பு கூராக நிற்கும். டயருக்கு எமன் அதுதான்.

ஓகில்வி ஆற்றை விட்டு மேலே ஏறும் நீண்ட மேட்டில் எங்கள் பின்பக்க இடது டயர் போயிற்று. ஜாக்கியை வைத்து ஏற்ற ஏற்ற, வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் சரளைக்குள் இறங்கிக்கொண்டே போனது. அப்போது கீழேயிருந்து ஒரு டேங்கர் லாரி ஏறி வந்தது. பாரத்தோடு மேட்டில் வேகத்தை விட்டால் மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்று லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும். நிற்க வேண்டாம், போங்கள் என்று கை காட்டினேன். அவர் எங்களைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நிறுத்தினார்.

இறங்கி வந்தவர் டயரைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருக்கிறோமா என்று முதலில் பார்த்தார். அப்புறம் தன் வண்டியிலிருந்து ஒரு தடித்த பலகைத் துண்டை எடுத்து வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். பலகையின் நடுவே ஜாக்கியின் அடிப்பாகம் அழுந்தி அழுந்தி ஒரு குழியே விழுந்திருந்தது. ஓரமெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. எத்தனை வண்டியைத் தூக்கியதோ! ஸ்டெப்னி மாட்டி முடித்ததும், போன டயரைப் புரட்டிப் பார்த்து, "பக்கவாட்டில் கிழியவில்லை, ஒட்டிவிடலாம்" என்றார். மற்ற டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மெதுவாகப் போகச் சொன்னார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பேச்சும் அதிகமில்லை, பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதை அதோடு முடியவில்லை. டாசனை விட்டால் அடுத்த எரிபொருள் ஈகிள் பிளெயின்ஸில்தான், 400 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பம்ப் அருகே நின்றிருந்த பெண்மணி, "டயர் போன வேன் நீங்கள்தானே? இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆளை அனுப்பலாம் என்றிருந்தோம்" என்றார். அந்த லாரிக்காரர் வழியில் எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியாமலேயே எங்களுக்காக ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆர்க்டிக் வட்டக் கோட்டைத் தாண்டி, ரிச்சர்ட்சன் மலையில் ஏறி இறங்கினால் பீல் ஆறு. பாலம் இல்லை. கோடையில் கம்பிவடத்தைப் பிடித்து ஓடும் படகு, குளிர்காலத்தில் ஆற்றின் பனிக்கட்டிமேலேயே சாலை. உறையும்போதும் உருகும்போதும் வாரக்கணக்கில் இரண்டும் இல்லை. அக்கரையில் ஃபோர்ட் மெக்பெர்சன், குவிச்சின் என்ற பழங்குடி மக்களின் ஊர். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பாட்டி மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் சதையை மட்டும் குறுக்குக் குறுக்காகக் கீறி, கம்பில் மாட்டி, கீழே லேசாகப் புகை போடுகிறார். கை கீறிக்கொண்டே இருக்கிறது, வாய் எங்களிடம் பேசுகிறது. சாலைக்கு ஏன் டெம்ப்ஸ்டர் என்று பெயர் தெரியுமா என்று அவர்தான் கேட்டார்.

1910 டிசம்பரில் பிட்ஸ்ஜெரால்ட் என்ற போலீஸ் அதிகாரி மூன்று பேரோடு இந்த ஊரிலிருந்து டாசனுக்கு நாய்ச் சறுக்குவண்டியில் கிளம்பினார். வழியில் எசாவ் ஜார்ஜ் என்ற குவிச்சின்காரரைக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மலையைக் கடக்கும் ஓடை எது என்று தேடித் தேடியே உணவு தீர்ந்தது. திரும்பி வரும்போது நாய்களையே தின்று, 1911 பிப்ரவரியில் நான்கு பேரும் இறந்தார்கள். கடைசி இருவர் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் தள்ளி. தேடிப் போய் உடல்களைக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற போலீஸ்காரர். கல்லறைகள் அங்கே தேவாலயத்துப் பக்கத்தில் இருக்கின்றன, போய்ப் பார்த்தோம். "எங்கள் ஆளை அனுப்பாமல் வைத்திருக்கலாம்" என்றார் பாட்டி. கோபமாகச் சொல்லவில்லை. நேற்று நடந்ததற்கு வருத்தப்படுகிற குரலில் சொன்னார்.

* * *

அண்ணா, அந்தப் பலகை விஷயம் பிரமாதம். நான் சந்தித்தது மனிதர் இல்லை, கிரிஸ்லி கரடி. எஞ்சினியர் க்ரீக் பக்கம், தண்ணீரில் இரும்பு கலந்து கல்லெல்லாம் சிவந்து கிடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இரவு தங்கியிருந்தோம். இரவு என்று பெயர்தான், ஜூன் மாதம், நல்ல வெளிச்சம். வண்டி மெல்ல ஆடியது. எட்டிப் பார்த்தால், பின் பம்பரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது! தோளில் அந்தத் திமில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. முடியின் நுனி மட்டும் வெளுத்திருந்தது. நாங்கள் அன்று குளிர் என்று கூரையை இறக்கிவிட்டுக் கீழேயே படுத்திருந்தோம். தூக்கிய கூரைக்குச் சுவர் என்பது வெறும் கேன்வாஸ் துணி. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஹார்னை நீளமாக அடித்ததும் அது அவசரப்படாமல் புதருக்குள் நடந்துவிட்டது.

காலையில் நெடுஞ்சாலைப் பராமரிப்பு வண்டி ஒன்று நின்றது. விஷயத்தைச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, சமைத்த தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்பது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வண்டிப் பக்கத்தில் ஊற்றாதீர்கள், குப்பையை மூடி உள்ளேயே வையுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். வழியில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன் என்று போனார். நீங்கள் சொன்ன அதே வழக்கம்.

* * *

நான் செப்டம்பரில் போனேன். தரையில் இருக்கும் குட்டைச் செடிகள் எல்லாம் ரத்தச் சிவப்பாக மாறியிருக்கும் நேரம். ஈகிள் பிளெயின்ஸில் சாலைக் கதவை மூடிவிட்டார்கள், மலையில் காற்று. வட்டக் கோட்டுக்கு அப்பால் சில இடங்களில் பாரம் ஏற்றிய லாரியையே புரட்டிவிடும் காற்று அடிக்கும். உயரமான, இலேசான நம் வேனுக்கு அங்கே வேலையே இல்லை. காத்திருப்பதுதான்.

அப்படிக் காத்திருந்த வண்டிகள் வரிசையாக நின்றன. இனுவிக் மருத்துவமனைக்கு வேலைக்குத் திரும்பும் ஒரு நர்ஸ், காய்கறி லாரி ஓட்டுநர், காரிபு மான் வேட்டைக்கு வந்த ஓர் அப்பாவும் மகளும். காய்கறி கெட்டுவிடுமே என்று ஓட்டுநர் தவித்தார். அந்த லாரி போகாவிட்டால் ஊரில் கடை அலமாரி காலி என்று நர்ஸ் சொன்னதும்தான் இந்த ஒரே சாலை அந்த மக்களுக்கு என்ன என்று எனக்கு உறைத்தது. நாம் ஊர் சுற்ற வருகிறோம். அவர்களுக்கு இது அரிசி வருகிற வழி. அதனால் லாரி எதிரே வந்தால் நான் வேகத்தைக் குறைத்து முழுசாக ஒதுங்கிவிடுவேன். கல் தெறிப்பதும் குறையும்.

அந்த மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும். போர்க்குபைன் என்ற காரிபு மந்தை எந்தப் பள்ளத்தாக்கில் வரும் என்று என் வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். 2017 கணக்கெடுப்பில் சுமார் 2,18,000 காரிபு உள்ள மந்தை. முன்னால் போகும் காரிபுகளைச் சுடாமல் விட்டுவிட வேண்டும், அவை கடந்தால்தான் மற்றவை அந்த வழியில் பின்னால் வரும் என்றாள். கதவு திறந்த பிறகு, அவள் காட்டிய பக்கத்திலேயே சாலையைக் கடந்தன. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நடக்கும்போது கால்களிலிருந்து ஒரு சொடுக்குச் சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? கண்ணாடியை இறக்கினால் நன்றாகக் கேட்கிறது.

* * *

அண்ணா, அடுத்த கோடையில் எங்கள் பழைய வேனில் போகலாம் என்று இருக்கிறோம். கடல் வரை போக முடியுமா? எரிபொருளுக்கு என்ன செய்தீர்கள்?

* * *

தம்பி, தாராளமாகப் போகலாம். 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து துக்தோயாக்துக் வரை சாலை திறந்துவிட்டார்கள், ஆர்க்டிக் கடல் வரை சரளைதான். போனால் பிங்கோ குன்றுகளைப் பாருங்கள். நடுவில் பனிக்கட்டி வளர்ந்து நிலத்தைத் தூக்கிய குன்றுகள், இப்யுக் என்பது 49 மீட்டர் உயரம். அந்த ஊரில் கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. வீடுகளை உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள். எங்களுக்குக் கரையைச் சுற்றிக் காட்டிய பெரியவர், தான் சின்ன வயதில் விளையாடிய இடம் என்று தண்ணீரைக் கைகாட்டினார். அவரிடம் நேரம் எடுத்துப் பேசுங்கள், அவசரப்படாதீர்கள்.

எரிபொருளுக்கு 20 லிட்டர் கேன் ஒன்று போதும். டாசனிலும் ஈகிள் பிளெயின்ஸிலும் முழுசாக நிரப்பிவிடுங்கள். ஸ்டெப்னி இரண்டு, பஞ்சர் ஒட்டும் கிட், காற்றடிக்கும் பம்ப், ஏர் ஃபில்டர் ஒன்று கூடுதலாக. தூசி உள்ளே வராமல் இருக்க, பின் ஜன்னல்களை மூடிவிட்டு முன்னால் காற்றாடியைப் போட்டே ஓட்டுங்கள். தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளித்திருப்பார்கள். அந்தச் சேறு காய்ந்தால் சிமெண்ட்தான், இரும்பையும் அரிக்கும். திரும்பி டாசன் வந்ததும் வேனின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். ஜாக்கிக்கு அடியில் போட ஒரு தடித்த பலகை மறக்காமல். புறப்படும் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், பீல் ஆற்றுப் படகில் வேனை எந்தக் கோணத்தில் ஏற்றினால் பின்பக்கம் தட்டாது என்று விவரமாகச் சொல்கிறேன்.