பாதியில் நின்றால் எது முதலில் அழியும்?

செம்பனைக்காரன்: நம் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா கணினி வகுப்புக் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சி++ மொழியில் ஓர் ஆப்ஜெக்டைக் கட்டும் கன்ஸ்ட்ரக்டர் பாதியில் எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசினாலும் அந்த ஆப்ஜெக்டை அழிக்கும் டிஸ்ட்ரக்டர் ஓடி எல்லாவற்றையும் துடைத்துவிடும். அழியும் வரிசையை டெஸ்ட் செய்வது வீண்." பிள்ளைகளுக்கு இப்படியா சொல்லிக்கொடுப்பது? கட்டி முடியாத ஆப்ஜெக்டுக்கு டிஸ்ட்ரக்டர் ஓடவே ஓடாது. அதற்குள் கட்டி முடிந்த உறுப்புகள் மட்டும் தலைகீழ் வரிசையில் அழியும். நியூ போட்டு மெமரி வாங்கி, அதன் முகவரியை வெறும் பாயிண்டரில் வைத்திருந்தால் அந்த மெமரி போனது போனதுதான்.

பெர்ஜுந்தைவாசி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். தலைகீழாம்! மூன்று பொருள் போட்ட வெக்டரை, அதாவது லைப்ரரி தரும் பட்டியலை, ஜிசிசி கம்பைலரில் ஓட்டினேன். 1, 2, 3 என்று முன்னாலிருந்துதான் அழிந்தது.

செம்பனைக்காரன்: வெக்டரை யார் கேட்டது? வெக்டர் தன் பொருள்களை எந்த வரிசையில் அழிக்க வேண்டும் என்று சி++ ஸ்டாண்டர்ட் (மொழியின் விதிநூல்) சொல்லவே இல்லை. ஜிசிசியின் லைப்ரரி முன்னாலிருந்து அழிக்கிறது, அவ்வளவுதான். மொழியிலேயே உள்ள சாதாரண அரேயில் நான்காவது பொருளின் கன்ஸ்ட்ரக்டர் எக்ஸப்ஷன் வீசினால் 3, 2, 1 என்று அழியும். அதை ஓட்டிப் பாருங்கள்.

பெர்ஜுந்தைவாசி: 1, 2, 3 வந்ததா இல்லையா?

வகுப்பு அக்கா: தம்பிகளா, டெஸ்ட் எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.

செம்பனைக்காரன்: சொல்கிறேன் அக்கா. ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரும் டிஸ்ட்ரக்டரும் ஒரு பட்டியலில் தன் பெயரை எழுதட்டும். முதல் உறுப்பில் ஒருமுறை, இரண்டாவதில் ஒருமுறை என்று இடம் மாற்றி மாற்றி எக்ஸப்ஷன் வீச வையுங்கள். கட்டிய வரிசையைத் திருப்பினால் அழிந்த வரிசை வர வேண்டும். எக்ஸப்ஷனைக் கட்டாயம் கேட்ச் செய்யுங்கள். யாரும் பிடிக்காவிட்டால் புரோகிராம் டெர்மினேட் ஆகும், அதாவது அப்படியே நின்றுவிடும். அப்போது ஸ்டாக்கில் (ஓடும் ஃபங்ஷன்களின் மெமரியில்) உள்ளவை அழியுமா என்பது கம்பைலரைப் பொறுத்தது. அப்புறம், உறுப்புகள் கிளாஸில் அறிவித்த வரிசையில்தான் கட்டப்படும், கன்ஸ்ட்ரக்டரின் இனிஷியலைசர் பட்டியலில் (தொடக்க மதிப்புகள் தரும் இடத்தில்) எப்படி மாற்றி எழுதினாலும். பலர் இடறுவது இங்கேதான்.

பெர்ஜுந்தைவாசி: அக்கா கேட்டது ஒரு வரி, வந்தது பிரசங்கம். கோலாலம்பூரில் வேலை பார்த்தால் ஊர்க்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பா? என் தாத்தா தென்னமரம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம்.

ரப்பர்கொட்டை: தென்னமரமா? 1917லேயே செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட இடம் ஆயிற்றே, மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பால்மரம் எங்கே வெட்டினார்?

பெர்ஜுந்தைவாசி: சுற்றிலும் ரப்பர் இருந்ததே, அது கண்ணில் படவில்லையா? போன வருடம் பிள்ளைகளின் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கூப்பிட்டபோது வராதவர் நீங்கள்.

ரப்பர்கொட்டை: அன்று எனக்கு நைட் ஷிப்ட். அதை இன்னுமா மனதில் வைத்திருக்கிறீர்கள்?

செம்பனைக்காரன்: லேப்டாப்பை விடுங்கள். டிஸ்ட்ரக்டர் ஓடும் என்று எழுதியதை எடுத்தீர்களா?

பெர்ஜுந்தைவாசி: எதற்கு எடுக்க வேண்டும்? 1, 2, 3. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

செம்பனைக்காரன்: அது வெக்டர்! அரேயை ஓட்டி அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள்.