கார் ஷெட்டில் தங்கும் பெட்ரோல் வாடை: எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். கோவையில் எங்கள் வீட்டுக் கார் ஷெட் 18 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்டது. முன்னால் ஷட்டர், பின்னால் சமையலறைக்குச் செல்லும் கதவு, ஜன்னலே இல்லை. கார், பைக், இன்வெர்ட்டர் பேட்டரி மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை முகத்தில் அடிக்கிறது. தெருவைப் பார்த்த பக்கச் சுவரில், கூரையை ஒட்டி ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது போதுமா?

பதில் 1:
ஃபேன் வேண்டும்; ஆனால் காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு படியும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனோ மிக இலேசானது, கூரையடியில் சேரும், காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே ஷட்டரை ஒட்டித் தரைமட்டத்தில் சிமெண்ட் ஜாலி வைத்து, எதிர்முனையில் மேலே ஃபேனைப் பொருத்துங்கள்; காற்று குறுக்காக முழு அறையையும் கடந்து போகும். உங்கள் ஷெட்டின் கொள்ளளவு 1,800 கன அடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாற, நிமிடத்துக்கு 180 கன அடி தள்ளும் ஃபேன் வேண்டும். ஸ்விட்சை ஷெட்டுக்கு வெளியே வையுங்கள்.

பதில் 2:
எனக்குக் கவலை அந்தச் சமையலறைக் கதவைப் பற்றித்தான். சிம்னி ஓடும்போது, அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று கதவிடுக்கு வழியாக ஷெட்டிலிருந்தே வரக்கூடும். சிம்னியை ஓடவிட்டு, கதவடியில் ஷெட் பக்கமாக ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். (பெட்ரோல் வாடை இல்லாத நேரத்தில், ஷட்டரைத் திறந்து நெடுநேரம் காற்றாடவிட்ட பிறகு மட்டும்.) வாடையாவது மூக்குக்குத் தெரியும், காரை உள்ளே ஓடவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஷட்டர் திறந்திருந்தாலும் எஞ்சினை உள்ளே சூடாக்க வேண்டாம்.

பதில் 3:
ஜாலிக்கு எலி நுழையாத கம்பிவலை போடுங்கள். கொசுவலையும் சேர்த்தால் தூசி அடைத்துக் காற்று பாதியாகிவிடும் என்பதால் ஜாலியைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். பைக்கின் பெட்ரோல் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நிறுத்திய வண்டியில் தினமும் வாடை வரக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்று பகலெல்லாம் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். புகை நேரே கதவடியில் நுழைந்து அடுப்பு மேடைப் பக்கம் போனது. முதலில் கதவுக்கு ரப்பர் பட்டை, பிறகு ஜாலியும் ஃபேனும் என்று முடிவு செய்திருக்கிறோம். பைக் இன்று மெக்கானிக்கிடம் போகிறது.