கல்லடி வீட்டுக் குழு: ஸ்பொஞ்சைக் கழுவியது யார்?

வெள்ளி இரவு

அக்கா: தம்பி, கடல்மீன் தொட்டி வைத்து மூன்று கிழமை ஆகிறது. இன்னும் தண்ணீரும் கல்லும்தானா? ஞாயிறு சின்னவளுக்குப் பிறந்தநாள்.

நான்: ஒரு றாலும் இருக்கிறதே அக்கா.

அக்கா: செத்த றால்!

நான்: அழுகட்டும் என்றுதான் போட்டேன். அழுகினால் அமோனியா வரும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. அந்தப் பற்றீரியா குடியேறு முன் மீனை விட்டால் தன் கழிவிலேயே செவுள் வெந்து செத்துப்போகும்.

பெரிய மாமா: நாங்கள் போத்தலில் மீன் வளர்க்கவில்லையா மருமகன்?

நான்: எத்தனை நாள் இருந்தது மாமா?

பெரிய மாமா: அது... இரண்டு நாள்.

சித்தி: 😂😂

பெரிய மாமா: சரி, அதை விடு. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு ஏன் உப்பு வாங்கிக் கரைத்தாய்?

நான்: ஒரு கான் பிடித்துப் பார்த்தேன். இந்த மழைக்கு மட்டக்களப்பு வாவித் தண்ணீர் முழுக்க முகத்துவாரத்தால் கடலுக்குள் இறங்குகிறது. கரைத் தண்ணீர் பிளேன்ரீ நிறம். உப்பு அளக்கிற அடர்த்தி மானியை விட்டால் 1.017. எனக்கு 1.025 வேண்டும்.

பெரிய மாமா: நாளைக்குப் பாசிக்குடா போகிறேன். முருகைக்கல் இரண்டு எடுத்து வரவா?

நான்: ஐயோ, வேண்டாம். சட்டப்படி குற்றம். சுண்ணாம்புச் சூளையில் சுட்டு அழித்தது போதாதா? என்னிடம் இருப்பது கடையில் வாங்கிய காய்ந்த கல். அதன் துளைகளுக்குள்ளும் பற்றீரியா ஒட்டிக்கொள்ளும்.

சித்தி: பௌர்ணமி இரவில் பாலத்தடியில் பாடும் என்கிறார்களே, அந்தப் பாடும் மீனைப் பிடித்து விடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டிலேயே கச்சேரி.

சனி காலை

நான்: யார் தொட்டி வடிகட்டியின் ஸ்பொஞ்சைக் கழுவினது?

நான்: நேற்று அமோனியாச் சோதனையில் நிறம் மஞ்சளுக்குக் கிட்ட வந்திருந்தது. மஞ்சள் என்றால் பூச்சியம். இன்றைக்குப் பார்த்தால் திரும்பவும் பச்சை. ஸ்பொஞ் புதுசு மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

அம்மா: நான்தான் மகன். விடியவே கழுவிப் போட்டேன். வழுவழு என்று ஒரே நாற்றம்.

நான்: சவர்க்காரம் போட்டீங்களா?

அம்மா: இல்லை, குழாயில் அலசினேன்.

நான்: அந்த வழுவழுப்பில்தான் அம்மா பற்றீரியா குடியிருந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அது கிருமியைக் கொல்லத்தானே போடுவது.

அம்மா: கிருமியை வளர்க்கிறாய் என்று யார் கண்டது!

பெரிய மாமா: இப்போது முதலில் இருந்தா?

நான்: இல்லை மாமா, கல்லில் ஒட்டியது மிச்சம் இருக்கும். ஒரு கிழமையாவது பின்னுக்குப் போகும். எப்படியும் நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கிற வேலை இது.

அக்கா: முடிந்தது என்று எப்படித் தெரியும்?

நான்: லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரும் அளவுக்கு அமோனியா விட்டுப் பார்ப்பேன். அடுத்த நாள் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் பெரும்பங்கை மாற்றி, சேர்ந்திருக்கிற நைத்திரேற்றைக் குறைத்துவிட்டு இரண்டு கோமாளி மீன். இரண்டு மட்டும்தான். கூட விட்டால் பற்றீரியா ஈடுகொடுக்காது.

அக்கா: ஞாயிறுக்கு என்ன சொல்ல?

நான்: சோதனைக் குழாயை அவளே குலுக்கி நிறம் பார்க்கட்டும்.

அம்மா: கண்ணாடியில் மண்ணிறமாகப் படிகிறதே, அதையாவது துடைக்கலாமா?

நான்: அது ஒரு வகைப் பாசி. புதுத் தொட்டியில் வரும், தானாகப் போகும். தண்ணீர் நான் ஒட்டிய ரேப்புக்குக் கீழே இறங்கினால் மட்டும் மூலையில் இருக்கிற கானில் இருந்து ஆர்ஓ தண்ணீர், அதுதான் உப்பெல்லாம் வடிகட்டிய தண்ணீர், விடுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம். ஆவியாகிறது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும்.

அம்மா: சரி. நாற்றத்துக்குச் சாம்பிராணி காட்டலாமா?

நான்: தொட்டிப் பக்கம் வேண்டாம். காற்று மோட்டர் புகையை உள்ளே இழுத்துவிடும்.

அம்மா: அப்போ சாமியறையோடு நிறுத்துகிறேன்.