பாப்-அப் கேம்பர் கூரை பின்பக்கம் தொங்குகிறது, கீல் பெயர்கிறது: ஷாக் மாற்றினால் போதுமா?

பின்கட்டு வண்டி (காரைக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். பிக்கப் வண்டியின் முதுகில் உட்காரும் கேம்பர் பெட்டி ஒன்றை இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கூரையை மேலே தூக்கி நிறுத்தும் வகை. எங்களுடையது ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பழைய வீடு, பின்கட்டு வண்டிவாசல் எட்டடி சொச்சம்தான். கூரை மடங்குகிற வண்டிதான் உள்ளே போகும், அதனால்தான் இது.

அமைப்பு இப்படி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு மடிப்புப் பலகைகள், 12 மி.மீ. பிளைவுட். ஒவ்வொன்றும் நடுவில் நீளக் கீலில் மடியும், கீழ் விளிம்பு பெட்டிச் சுவரிலும் மேல் விளிம்பு கூரையின் அலுமினியச் சட்டத்திலும் கீலால் பிடித்திருக்கும். பலகையை உள்ளிருந்து தள்ளினால் நிமிரும், கூடவே கூரை எழும்பும். தள்ளுவதற்கு உதவியாக ஒரு பக்கத்துக்கு இரண்டு கேஸ் ஷாக், கார் டிக்கியில் இருக்குமே அதே ஜாதி. சுற்றுச்சுவர் கான்வாஸ் துணி.

போன ஆடியில் தனுஷ்கோடி போய்விட்டு வந்ததிலிருந்து பின்பக்கம் சரியில்லை. தூக்கும்போது வலதுபக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நிற்கிறது, ஒரு ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்து காய்ந்திருக்கிறது. நடுக்கீலின் ஸ்க்ரூ ஆறு ஏழு கையால் சுற்றினாலே வருகிறது. மேல் கீலில் அடித்த ரிவெட்டில் மூன்று தலையே இல்லை, சுற்றிலும் வெள்ளையாக மாவு மாதிரி. போன வாரம் தூக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், என் மனைவி உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெரிய ஷாக்காக மாற்றிவிட்டால் சரியாகுமா?

வெயில்பயணி

எனக்கும் இதே கதைதான். ஷாக்கின் தள்ளு விசை 400 இருந்த இடத்தில் 600 நியூட்டன் போட்டேன், ஒரு விரலால் தூக்கலாம். மாற்றிவிடுங்கள், அரைமணி நேர வேலை.

ஆத்தங்குடி ஆசாரி

தம்பி, அதைச் செய்யாதீங்க. ஷாக் எதைப் பிடித்துக்கொண்டு தள்ளுது? உங்கள் பலகையையும் கீலையும் பிடித்துத்தான். கீல் ஏற்கெனவே ஆடுது. அதில் இன்னும் 20 கிலோ கூடத் தள்ளினால் மிச்சம் இருக்கிற ஸ்க்ரூவும் பிய்த்துக்கொண்டு வரும், கூரை தலையில் இறங்கும். முதலில் கால், அதாவது கீலும் பலகையும். அப்புறம்தான் கை, அதாவது ஷாக்.

உங்கள் வீட்டிலேயே பாருங்க. அந்தக் காலத்து பர்மா தேக்குக் கதவு என்ன கனம் இருக்கும்? அது ஸ்க்ரூவிலா நிற்குது? குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீட்டின மர முளையில் நிற்குது. பாரம் மரத்தின் வழியாகக் கீழே கல்லுக்கு இறங்கிவிடும். கேம்பர் கட்டினவர் அத்தனை பாரத்தையும் சின்ன ஸ்க்ரூவிடம் விட்டுவிட்டார், அதுவும் 12 மி.மீ. பிளைவுட்டில். ஆடி ஆடி ஓட்டை பெருத்திருக்கும், தண்ணீர் இறங்கி பிளை ஊதியிருக்கும். ஓட்டையில் தீக்குச்சி செருகி ஃபெவிகால் விடுகிற வேலை எல்லாம் அலமாரிக் கதவுக்கு. இதற்குப் பலகையை முழுக்கத் துளைத்துப் போகும் போல்ட்தான், மறுபக்கம் பட்டை வைத்து. கூரையைத் தொடும் முன் நான்கு மூலைக்கும் மரக்கட்டை அளவெடுத்து அறுத்து முட்டுக் கொடுங்க. ஷாக்கை நம்பி அடியில் தலையை விடாதீங்க.

தேவகோட்டை லேத்

ஆசாரி அண்ணன் சொல்வது சரி. நான் கணக்கை மட்டும் சேர்க்கிறேன். 400 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 40 கிலோ, ஆனால் அது ஷாக் நீட்டிக்கொண்டிருக்கும் திசையில். பலகை மடங்கிக் கிடக்கும்போது ஷாக்கும் படுத்துக் கிடக்கும். 15 டிகிரி சாய்வுதான் என்றால் அந்த 40 கிலோவில் மேல்நோக்கி வருவது 10 கிலோ சொச்சம், மிச்சம் எல்லாம் பக்கவாட்டில் கீலையும் பிராக்கெட்டையும் தள்ளும். முதல் ஒரு சாண் தூக்கத்தான் முதுகு போகும், பாதிக்கு மேல் தானாக ஏறும், அதன் காரணம் இதுதான். பெரிய ஷாக் போட்டால் அந்தப் பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்து கூடும்.

இரண்டு கேள்வி. கூரையில் பிறகு ஏதாவது ஏற்றினீர்களா? ஷாக்கின் தண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது? வண்டி பெரும்பாலும் மடங்கியேதானே நிற்கும், அந்த நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலில் (தண்டு நுழையும் இடத்து ரப்பர் வளையம்) நின்று அதை ஈரமாக வைக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து கேஸ் போய்விடும்.

செத்த ஷாக்கைத் துளை போடுவது, வெல்டு வைப்பது, தீயில் எறிவது எதுவும் வேண்டாம். கசிந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும்.

பின்கட்டு வண்டி

லேத் அண்ணே, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். போன வருடம் பின்பக்கக் கூரையில் சோலார் பேனல் இரண்டு போட்டேன், ஒன்று 8 கிலோ. இன்று குளியலறை எடை மெஷினை முட்டுக்கட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் 68, முன்பக்கம் 52. தண்டும் மேல்நோக்கித்தான் இருக்கிறது, நான்குமே.

துரு ஐயா

நான் சிக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) பல வருடம் துருவோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன், அதனால் அந்த வெள்ளை மாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது அலுமினியம் அரித்து வந்தது. உங்கள் கீல் ஸ்டெயின்லெஸ், ரிவெட் அலுமினியம் என்று நினைக்கிறேன், சரிதானா? இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு சின்ன பாட்டரி. அதில் கரைவது அலுமினியம். கரைகிற உலோகம் சிறிதாகவும் மற்றது பெரிதாகவும் இருந்தால் அரிப்பு பல மடங்கு வேகம். மூன்றரை அடி நீள ஸ்டெயின்லெஸ் கீலுக்கு நடுவில் மிளகு அளவு அலுமினிய ரிவெட். இதைவிட மோசமான ஜோடி தேடினாலும் கிடைக்காது. தனுஷ்கோடிக் காற்றைக் குறை சொல்ல வேண்டாம், அது காரியத்தை சீக்கிரப்படுத்தியது, அவ்வளவுதான்.

மாற்றிப் போட்டால், அதாவது பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால், அவ்வளவு மோசமில்லை. அப்போதும் கீலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாலியூரிதேன் சீலன்ட் ஒரு படலம், போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர், போல்ட் உடம்பிலும் சீலன்ட் தடவி இறக்குங்கள். உலோகத்தோடு உலோகம் நேராகத் தொடக் கூடாது. கடற்கரை போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொன்று, கடையில் காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304, நல்ல ரக ஸ்டெயின்லெஸ் என்பார்கள். மட்டமான 202 ரகமும் ஒட்டாது. போல்ட் தலையில் ஏ2-70 என்று பொறித்ததைப் பார்த்து வாங்குங்கள்.

வெயில்பயணி

அப்படியானால் என் 600 நியூட்டன்? இப்போது போய் என் கீலைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆத்தங்குடி ஆசாரி

பாருங்க தம்பி, இன்றைக்கே பாருங்க.

பின்கட்டு தம்பிக்கு: பலகை ஓரம் ஊதியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுசு அறுங்க. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை, அதே 12 மி.மீ. அறுத்த விளிம்புக்கு மூன்று கை எபாக்ஸி, பிளை தண்ணீர் குடிப்பது அங்கேதான். எம்5 (5 மி.மீ.) போல்ட், மூன்று விரற்கடைக்கு ஒன்று. மறுபக்கம் 25-க்கு 3 மி.மீ. அலுமினியப் பட்டை முழு நீளத்துக்கு ஒரே துண்டாக, வாஷர் வைத்தால் மட்டும் போதாது. பலகை ஊதாமல் இருந்தால் பழைய ஓட்டையை 10 மி.மீ. ஆக்கி எபாக்ஸியில் மரத்தூள் குழைத்து அடைத்து, நன்றாக இறுகினபின் நடுவில் துளை போடலாம்.

பள்ளத்தூர் ஆச்சி

எங்கள் வண்டியின் கான்வாஸ் நான் தைத்தது, அதனால் சொல்கிறேன். போல்ட் முனை துணிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் துணியை அறுக்கும், முதல் மழையில்தான் தெரியும். தலை மூடிய டோம் நட் போடச் சொல்லுங்கள்.

பின்கட்டு வண்டி (மூன்று வாரம் கழித்து)

முடிந்தது, ஆனால் ஒரே மூச்சில் முடியவில்லை. பின் பலகை கீழ் ஓரத்தில் விரலால் அழுத்தினால் அமுங்கியது, அதனால் புதுப் பலகை. மேல் கீலில் ஐயா சொன்னபடி ரிவெட் அத்தனையும் துளைத்து எடுத்துவிட்டு சீலன்ட், நைலான் வாஷர், ஸ்டெயின்லெஸ் போல்ட். சட்டத்தில் ரிவெட் ஓட்டை இரண்டு அரித்து நீளமாகியிருந்தது, அந்த இடத்தில் உள்பக்கம் பட்டை கொடுத்து போல்ட்டைத் தள்ளிப் போட்டேன்.

நான் செய்த தப்பு: ஆச்சி சொன்ன டோம் நட்டை நடுக்கீலில் இரண்டு பலகையிலும் துணிப் பக்கமாகவே போட்டேன். மடித்தால் நட்டோடு நட்டு இடித்து கூரை ஒரு விரல் உயரத்தில் நின்றுவிட்டது, கொக்கி மாட்டவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, மடிப்புக்குள் போகும் பக்கம் தட்டைத்தலை போல்ட்டைக் குழித்து இறக்கி, டோம் நட்டை அறைப் பக்கம் வைத்து அதன்மேல் ரெக்ஸின் பட்டை ஒட்டினேன். ஒரு ஞாயிறு போயிற்று.

பேனல் ஒன்றை முன்பக்கம் நகர்த்தினேன், இப்போது இரு பக்கமும் கிட்டத்தட்ட 60. ஷாக் பழைய 400-லேயே நான்கும் புதுசு, தண்டு கீழ்நோக்கி. முதல் சாண் இன்னும் கனம்தான், ஆனால் நேராக ஏறுகிறது.

தேவகோட்டை லேத்

அருமை. கொடைக்கானல் மாதிரி குளிருக்குப் போனால் இன்னும் கொஞ்சம் கனக்கும், பயப்பட வேண்டாம். 10 டிகிரி குறைந்தால் கேஸ் அழுத்தம் சுமார் 3 சதவீதம் இறங்கும், நம் ஊர் வெயிலுக்கும் அங்கே விடியற்காலைக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் வந்துவிடுமே.

ஆத்தங்குடி ஆசாரி

ஒரு மாதம் ஓட்டிவிட்டு போல்ட்டை எல்லாம் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்க தம்பி. நட்டு தளராவிட்டாலும் பிளை அமுங்கும்.

பின்கட்டு வண்டி

சரி அண்ணே. போல்ட் தலையிலும் கீலிலும் சேர்த்து மார்க்கரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், நகர்ந்தால் தெரிந்துவிடும். முன்பக்க ரிவெட்டிலும் லேசாக வெள்ளை தட்டியிருக்கிறது, தையில் அதைப் பிரிக்கிறேன்.