தெரிந்தவர்கள் எல்லாம் வாங்கிவிட்டார்கள், அடுத்த கஸ்டமர் எங்கே?

எங்கள் மென்பொருள் பரிசோதனைக் கூடங்களுக்கானது. தராசு, பிப்பெட், வெப்பமானி என்று எந்தக் கருவிக்கு எப்போது காலிப்ரேஷன் (அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை) காலாவதியாகிறது என்பதைக் கண்காணிக்கும். முதலில் வாங்கியவர்கள் தெரிந்தவர்கள், இல்லையென்றால் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். அந்த வட்டம் தீர்ந்ததும் விற்பனை படுத்துவிட்டது.

உணவு லேப், மருத்துவ லேப், சிமென்ட் லேப் என்று துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாத் துறையிலும் வாங்கியவர்கள் இருந்தார்கள். "நல்லா இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்றவர்களும் இருந்தார்கள். சரி என்று வாங்கியவர்களையே கூப்பிட்டுக் கேட்டேன்: "எங்களுக்கு முதல்முறை போன் செய்தீர்களே, அந்த வாரம் உங்கள் லேபில் என்ன நடந்தது?"

தர மேலாளர் ஒருவர் சொன்னார்: "ஆடிட்டுக்கு வந்தவர் தராசில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். தேதி தாண்டியிருந்தது. புதுச் சான்றிதழ் எங்களிடம் இருந்தது, ஆனால் ஸ்டிக்கரை யாரும் மாற்றவில்லை. அந்தச் சான்றிதழைத் தேடி எடுப்பதற்குள் அரை நாள் போய்விட்டது." மற்றவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஆடிட் வரப்போகிறது, அல்லது இப்போதுதான் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

ஆக, நாங்கள் பார்த்திருக்க வேண்டியது துறையை அல்ல, தேதியை. ஐஎஸ்ஓ 17025 என்ற பரிசோதனைக் கூடத் தரநிலைப்படி அங்கீகாரம் பெற்ற கூடங்களின் பட்டியலை அங்கீகார அமைப்புகளே பொதுவில் வைத்திருக்கின்றன (மருத்துவ லேப் என்றால் 15189). பலவற்றில் அங்கீகாரம் முடியும் தேதியும் இருக்கும். அந்தத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் யாரை, எப்போது கூப்பிடுவது என்று இரண்டுமே தெரிந்துவிடும். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் மட்டும் கூப்பிடாதீர்கள், போனையே எடுக்க மாட்டார்கள். முடிந்த கையோடு, சுட்டிக்காட்டிய குறைகளைச் சரிசெய்யும் நேரத்தில்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். டெமோவின் முதல் திரையும் இப்போது காலாவதியான கருவிகளின் பட்டியல்தான். கண்காட்சி ஸ்டால், பிராண்டிங் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

*

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி: அந்தப் பட்டியலை வைத்து விற்பது நீங்களா, வேறு ஆளா? ஃபவுண்டர் விற்றால் எதுவும் விற்கும். அவர் இல்லாமல் விற்றால்தான் அது ஒரு முறை.

நாங்கள் சேல்ஸுக்கு இரண்டு பேரை ஒரே சமயத்தில் எடுத்தோம். ஒருவர் மட்டும் இருந்து விற்கவில்லை என்றால் கோளாறு ஆளிடமா, முறையிலா என்று தெரியாது. இரண்டு பேருமே தடுமாறினார்கள். என் பழைய அழைப்புப் பதிவுகளைப் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: டெமோவுக்கு முன்பே கஸ்டமருடைய எக்செல் கோப்பை வாங்கி, அந்தத் தரவை வைத்தே காட்டியிருக்கிறேன். எந்த ஸ்லைடிலும் அது இல்லை, யாருக்கும் நான் சொல்லித்தரவும் இல்லை. அதை விற்பனையின் முதல் படியாக எழுதி வைத்த பிறகுதான் இருவருக்கும் டீல் முடிய ஆரம்பித்தது.

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த மார்க் லெஸ்லியும் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் சார்லஸ் ஹாலோவேயும் 2006-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் இதைத்தான் எழுதினார்கள்: எப்படி விற்பது என்பதை நிறுவனம் கற்றுக்கொள்ளும் முன் விற்பனையாளர்களைக் குவித்தால் காசுதான் கரையும்.

*

போன் போட்டு விற்பதெல்லாம் விலை தாங்கும் பொருளுக்குத்தான். கோப்புகளை இணையத்தில் வைத்துப் பகிர உதவும் டிராப்பாக்ஸ் ஆரம்பத்தில் 99 டாலர் பொருளுக்கு விளம்பரம் செய்தபோது, ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவானதாக நிறுவனர் ட்ரூ ஹூஸ்டனே சொல்லியிருக்கிறார். அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் இடம் தரும் திட்டம் பெரிதும் கைகொடுக்க, 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனார்கள்.

அதைப் பார்த்து நாங்களும் பரிசு வைத்தோம், ஒருவரும் யாரையும் அழைக்கவில்லை. கோப்பு என்றால் இன்னொருவருக்கு அனுப்பியே ஆக வேண்டும். எங்கள் செயலியை மாதம் ஒருமுறை, தனியாகத்தான் திறப்பார்கள். எங்களுக்கு ஆள் வருவது தேடுபொறி வழியாகத்தான், மெதுவாக.

*

லேப் பட்டியலை வைத்து விற்பது நானா என்று கேட்டவருக்குப் பதில்: பட்டியல் எடுப்பது, முதல் அழைப்பு, டெமோ மூன்றும் இப்போது வேறொருவர் பார்க்கிறார். விலை பேசும் கட்டம் வந்தால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எக்செல் கோப்பை முன்பே வாங்கும் யோசனையை அடுத்த வாரமே அவரிடம் கொடுத்துப் பார்க்கிறேன்.