மறு: பிராட்டன் கட்டுரைக்கு ஒரு கலைச்சொல்: ‘பரப்பமர் நிலை’

அனைவருக்கும் வணக்கம். இயற்பியலாளர் வால்டர் பிராட்டனைப் பற்றிய கட்டுரைக்காக, திண்மத்தின் பரப்பை ஒட்டியே எலக்ட்ரான் இருக்கும் குவாண்டம் நிலைக்கு (surface state) ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘மேற்பரப்பு நிலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.

ஐயா, எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வால்டர் பிராட்டனைப் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், சிக்கல் உடனே தெரியும். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலையே திண்மங்களின் பரப்பில்தான். 1929இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, சூடாக்கிய டங்ஸ்டனிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை ஆராய்ந்தார். அப்புறம் குப்ரஸ் ஆக்சைடு, சிலிக்கான், ஜெர்மானியம். 1956இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரைக்கும் குறைக்கடத்திகளின் பரப்புப் பண்புகளையே தலைப்பாக வைத்தார். இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது தேய்த்த பரப்பு, அமிலத்தில் அரித்த பரப்பு, ஆக்சைடு படிந்த பரப்பு, ஈரம் படர்ந்த பரப்பு என்று வந்துகொண்டே இருக்கும். ‘மேற்பரப்பு நிலை மாறியது’ என்று எழுதினால் ஆக்சைடு படிந்ததைச் சொல்கிறோமா, எலக்ட்ரானுக்கான குவாண்டம் நிலைகள் மாறியதைச் சொல்கிறோமா? ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகவும் இருக்கலாம் என்பதால் வாசகர் கட்டாயம் குழம்புவார்.

கட்டுரையின் நடுப்பகுதியே இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. குறைக்கடத்திக்கு அருகே ஓர் உலோகத் தகட்டை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே கடத்துதிறன் மாற வேண்டும் என்று அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லியம் ஷாக்லி 1945இல் எதிர்பார்த்தார். சோதனையில் அப்படி எதுவும் தென்படவில்லை. இழுபட்டு வரும் எலக்ட்ரான்கள் பரப்பிலுள்ள நிலைகளில் சிக்கி அசையாமல் நின்று, உட்பகுதியை மின்புலத்திலிருந்து மறைத்துவிடுகின்றன என்று 1946இல் அவர்களுடைய சக ஆய்வாளர் ஜான் பார்டீன் விளக்கினார். அதைச் சோதித்துப் பார்த்தவர் பிராட்டன். ஒளியைப் பாய்ச்சிப் பரப்பின் மின்னழுத்தம் மாறுவதை அளந்தார். 1947 நவம்பரில், மின்பகுளி திரவத்தைப் பரப்பின்மேல் வைத்தால் அந்த மறைப்பைத் தாண்ட முடிகிறது என்று கண்டார். அடுத்த மாதம் 16ஆம் தேதி, ஜெர்மானியத்தின்மேல் மிக நெருக்கமாக வைத்த இரண்டு தங்கத் தொடுமுனைகளோடு முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. இவ்வளவுக்கும் நடுவில் நிற்கும் கருத்துக்குத் தெளிவான பெயர் வேண்டாமா?

> ‘பரப்பு ஆற்றல் மட்டம்’ சரிவருமா? இல்லையென்றால் ‘பரப்புப் பொறி’?

முதலாவதில் ‘பரப்பு ஆற்றல்’ என்ற பகுதி ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது. பரப்பு இழுவிசைப் பாடத்தில் படித்த மாணவர் திரவத் துளியைத்தான் நினைப்பார். தவிர, ஒரே ஆற்றல் மட்டத்தில் பல நிலைகள் இருக்கலாம், இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ‘பொறி’, அதாவது எலிப்பொறிபோல் எலக்ட்ரானைச் சிக்கவைப்பது, பார்டீன் சொன்ன நிலைகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. செம்பின் ஒரு படிக முகத்தில் இதே வகை நிலைகளில் இருக்கும் எலக்ட்ரான்கள் பரப்பு நெடுகத் தாராளமாக ஓடுகின்றன. 1993இல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக அடுக்கி, உள்ளே அந்த எலக்ட்ரான்களின் அலைகள் வளையம் வளையமாக நிற்பதைப் படமெடுத்தார்களே, அதைப் பொறி என்று எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை ‘பரப்பமர் நிலை’. படிகத்துக்குள் அணுக்களின் அடுக்கு ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருவதால் எலக்ட்ரான் அலை முழுப் படிகத்திலும் பரவியிருக்கிறது. சில ஆற்றல்களுக்கு அங்கே இடமே இல்லை. விளிம்பில் அந்தச் சீர் அறுந்துவிடுகிறது. உள்ளே விலக்கப்பட்ட ஆற்றலிலும் அங்கே ஒரு நிலை உண்டாகலாம் என்று 1932இல் சோவியத் இயற்பியலாளர் இகோர் டாம் காட்டினார், 1939இல் ஷாக்லி வேறொரு வழியில் வந்து சேர்ந்தார். அந்த அலை படிகத்துக்குள்ளும் வெளியே வெற்றிடத்திலும் விரைவாகத் தேய்ந்து, பரப்பை ஒட்டியே அமர்ந்திருக்கும். பரப்பின் வழியே ஓடும் எலக்ட்ரானுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அமர்வது ஆழத்தின் திசையில் மட்டும்தான்.

‘பரப்புறை நிலை’ என்று முதலில் நினைத்தேன். உறை என்றதும் மேலே போர்த்திய மூடிதான் மனத்தில் வருகிறது, அதனால் விட்டுவிட்டேன். ‘அமர்’ என்றால் போர் என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்கலாம். ‘நிலை’ பக்கத்தில் இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது.

இதற்கு இணையாக, உட்பகுதி முழுக்கப் பரவியவற்றுக்கு ‘உட்பரவு நிலை’ எனலாம். ‘அகநிலை’ வேண்டாம், அது மனம் சார்ந்த பொருளுக்குப் போய்விட்டது. எலக்ட்ரானா, இலத்திரனா, எதிர்மின்னியா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

கட்டுரை எழுதுபவருக்கு ஒன்று. 1967இல் பெல்லிலிருந்து ஓய்வு பெற்று, தாம் படித்த விட்மன் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு, உயிரணுப் பரப்புக்கு மாதிரியாகப் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புப் பொருளின் படலங்களை பிராட்டன் ஆராய்ந்தார். அந்தப் பகுதியில் ‘பரப்பு’ மட்டும் போதும். ‘பரப்பமர் நிலை’யை அங்கே கொண்டுபோக வேண்டாம், அது படிகத்துக்கு உரியது.