ஆங்கிலக் 'கீ' (key) என்பதற்குத் தமிழில் விசையா, சாவியா, திறவுகோலா?

அனைவருக்கும் வணக்கம்.

'கீ' வரும் எல்லா இடத்துக்கும் 'திறவுகோல்' போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். மறையாக்கத்தில், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதில், அது பொருளையே தலைகீழாக்கிவிடும். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில் நமக்குச் செய்தி அனுப்புபவர், நாம் எல்லோருக்கும் வெளியிட்டிருக்கும் பப்ளிக் கீயால் பூட்டுகிறார். திறக்க நம்மிடம் மட்டுமே உள்ள பிரைவேட் கீ வேண்டும். பூட்டியவரே நினைத்தாலும் பப்ளிக் கீயால் அதைத் திறக்க முடியாது. அதைப் போய் 'பொதுத் திறவுகோல்' என்றால், யார் வேண்டுமானாலும் திறக்கலாம் போலிருக்கிறது என்றுதான் மாணவர் நினைப்பார். சாவி பூட்டவும் செய்யும், திறக்கவும் செய்யும். ஆகவே பொதுச் சாவி, தனிச் சாவி. போர்த்துகீசியச் சொல் என்பது எனக்குத் தடையாகத் தெரியவில்லை. அலமாரியும் ஜன்னலும் அந்த வழியில் வந்தவைதாமே.

தரவுத்தளத்தில் ஒரு வரிசையை அடையாளம் காட்டும் கீக்கும் சாவியே பொருந்தும். பட்டா தேடும்போது புல எண் 112 என்று மட்டும் சொன்னால் போதாது, ஊருக்கு ஊர் ஒரு 112 இருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எல்லாம் சேர்ந்தால்தான் ஒரே நிலம் அகப்படும். அது கூட்டுச் சாவி. ஃபாரின் கீயை 'அந்நியச் சாவி' என்பது காதில் ஒட்டவில்லை. பக்கத்து அட்டவணையின் வரிசையைத் திறக்கும் சாவியை இந்த அட்டவணையில் வைத்திருக்கிறோம், 'அயற்சாவி' என்போம்.

தட்டச்சில் 'விசை' ஊன்றிவிட்டது, தமிழ்99 விசைப்பலகை என்றே எல்லோரும் சொல்கிறோம். அதை அசைக்க வேண்டாம். சிக்கல் மென்பொருள் மொழிபெயர்ப்பில்தான். மொழிபெயர்க்க வேண்டிய வாசகங்கள் அடங்கிய பி.ஓ. கோப்பில் 'கீ' என்ற மூலச்சரம் (ஆங்கில வாசகம்) ஒருமுறைதான் வரும். 'விசை' என்று நிரப்பினால் கடவுச்சொல் பக்கத்திலும் 'விசை' என்றே தோன்றும். 'என்டர் கீ' இன்னும் மோசம்: அது 'உள்ளிடு விசை'யா, 'சாவியை உள்ளிடவும்' என்பதா? ஊகித்து நிரப்பாமல், நிரலாளரிடம் சொல்லிச் சூழல் குறிப்பு வரியை (msgctxt) சேர்க்கச் செய்யுங்கள். அப்போது இரண்டும் தனித்தனிப் பதிவாகப் பிரியும்.

எந்திரத் தண்டும் புல்லியும் சேர்ந்து சுழல இடையில் செருகும் கீக்கு 'ஆப்பு' சரிவருமா?

— — —

வணக்கம் அம்மா.

சாவி, அயற்சாவி இரண்டுக்கும் என் ஒப்புதல். ஆப்பு பாதிதான் சரி. 1:100 சரிவுள்ள கீயை அடித்து இறுக்குகிறோம், அது ஆப்பேதான். ஆனால் பட்டறையில் அதிகம் புழங்குவது சரிவில்லாத கீ. 40 மி.மீ. தண்டுக்கு 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். அது உட்காரும் காடியின் (பள்ளத்தின்) ஆழம் தண்டில் 5 மி.மீ., புல்லியில் 3.3 மி.மீ.; கூட்டினால் 8.3. மேலே 0.3 மி.மீ. இடைவெளி இருப்பதால் அது பக்கவாட்டில்தான் பிடிக்கும், ஆப்பு போல மேலும் கீழும் நெருக்காது. ஆப்பு என்று படித்தவர் அந்த இடைவெளியைப் பிழையென்று நினைத்துத் தகடு வைத்து அடைப்பார். புல்லி மையம் விலகி ஆடும். இதற்குப் 'பிணைகட்டை' என்று முன்மொழிகிறேன். அது உட்காரும் பள்ளம் 'பிணைக்காடி'.